ரொறன்ரோவில் நீந்தப் போக எந்தக் கரை? வூட்பைன், புளஃபர்ஸ், தீவுகள், சிம்கோ, வசாகா: ஓர் ஒப்பீடு

ஜூலை நடுவில் வெளியே 31 பாகை வெயில் எரிக்கும்போது வூட்பைன் பீச்சில் தண்ணீர் 10 பாகையாக இருக்கக்கூடும். இரண்டு நாளுக்கு முன் அதே இடத்தில் 20 பாகை இருந்திருக்கும். அன்றைக்கே வடக்கே ஒரு மணித்தியாலம் வாகனம் ஓட்டிப் போனால் சிம்கோ ஏரியில் பிள்ளைகள் நடுக்கமில்லாமல் விளையாடிக்கொண்டிருப்பார்கள். தூரத்தையும் பெயரையும் மட்டும் பார்த்து இடம் தெரிவு செய்தால் இது பிடிபடாது. ரொறன்ரோவைச் சுற்றி எங்கே நீந்துவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியவை கடந்த இரண்டு நாளில் அடித்த காற்றும் பெய்த மழையும்தான். வாகனத் தரிப்பிடம், கழிவறை, சமைக்க இடம் எல்லாம் அதற்குப் பிறகு.

காற்று ஏன் தண்ணீரைக் குளிராக்குகிறது

ஒன்ராறியோ ஏரியின் ஆகக்கூடிய ஆழம் 244 மீற்றர். கோடையில் சூடாவது மேலே உள்ள சில மீற்றர் தண்ணீர் மட்டும். அதற்குக் கீழே ஐந்தாறு பாகையில் குளிர்நீர் கிடக்கும். மேற்குக் காற்று ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் அடித்தால், பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்று போகும் திசைக்கு வலப்பக்கமாக விலகும். மேற்கிலிருந்து கிழக்கே போகும் காற்றுக்கு வலப்பக்கம் தெற்கு. அதாவது ரொறன்ரோக் கரையில் இருந்த சூடான நீர் நடு ஏரிக்குப் போய்விடும்; அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்நீர் எழும்பும். வடமேற்குக் காற்று மேல்நீரை நேரடியாகவும் வெளியே தள்ளுவதால் அதுவும் இதையே செய்யும். வானம் பளிச்சென்று, காற்று உலர்ந்து, பிக்னிக்குக்கு மிக அருமையாகத் தெரியும் நாட்களில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது.

கிழக்குக் காற்று சூடான நீரைத் திரும்பக் கரைக்குக் கொண்டுவரும். ஆனால் அதோடு அலையும் கலங்கலும் கரையொதுங்கும் பாசியும் வரும். நீந்த மிக நல்ல நாள், நான்கைந்து நாளாகக் காற்று மெதுவாகவே இருந்து, மழையும் பெய்யாத நாள். ஓகஸ்ட் முதல் இரண்டு வாரத்தில் அப்படியொரு நாள் அமைந்தால் ஒன்ராறியோ ஏரி 21, 22 பாகையில் இருக்கும். அன்றைக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை.

குளிரை வெறும் அசௌகரியமாக எண்ண வேண்டாம். 15 பாகைக்குக் கீழே உள்ள தண்ணீரில் சட்டென்று இறங்கினால் உடல் தானாகவே மூச்சை இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு எடுபட்டால் தண்ணீர்தான் உள்ளே போகும். அடுத்த ஓரிரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களும் கரைக்கு அருகிலேயே மூழ்குவதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆகவே முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று படிப்படியாக இறங்க வேண்டும். பாறையிலிருந்தோ மேடையிலிருந்தோ குதிக்கக் கூடாது. 1954 செப்டெம்பரில் 16 வயது மர்லின் பெல் இந்த ஏரியை முதன்முதலாக நீந்திக் கடந்தபோது ஏறத்தாழ 21 மணித்தியாலம் இந்தக் குளிரைத் தாங்கினார். அதற்குப் பின்னால் நெடுநாள் பயிற்சியும், கூடவே வந்த படகில் பயிற்சியாளரும் இருந்தார்கள்.

வெளிக்கிட முன் பார்க்க வேண்டியவை: சுற்றுச்சூழல் கனடாவின் ஏரிக் காற்று முன்னறிவிப்பு, அமெரிக்கப் பெருஏரி ஆய்வுகூடம் வெளியிடும் மேற்பரப்பு வெப்பநிலை வரைபடம். இரண்டும் இலவசம்; பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் போதும்.

மழைக்குப் பிறகு இரண்டு நாள்

பழைய ரொறன்ரோவின் பல தெருக்களில் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் அந்தக் குழாய் நிரம்பினால் வழிவது ஆற்றுக்கோ ஏரிக்கோதான் போகும். நகராட்சி கோடையில் ஒவ்வொரு நாளும் பீச் தண்ணீரை எடுத்துச் சோதிக்கிறது. 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை என்ற குடற்கிருமி 100ஐத் தாண்டினால் நீந்த வேண்டாம் என்று அறிவிக்கும். ஒன்ராறியோ மாகாணத்தின் எல்லை 200. ரொறன்ரோ வைத்திருப்பது அதைவிடக் கடுமையானது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: கிருமியை வளர்த்து எண்ண ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். ஆகவே இன்றைய அறிவிப்பு நேற்றைய தண்ணீரைப் பற்றியது. நேற்றிரவு கொட்டிய மழை கரையில் உள்ள இன்றைய அறிவிப்புப் பலகையில் தெரியாது. பலகை ‘நீந்தலாம்’ என்று சொல்லும். பெருமழைக்குப் பிறகு 48 மணித்தியாலம், பலகை என்ன சொன்னாலும், நகரத்துக் கரைகளில் பிள்ளைகளை இறக்காமல் இருப்பதே சரி. ஆற்று வாய்க்கு அருகில் உள்ள கரைகள் இதில் முதலில் கெடும்: ஹம்பர் ஆற்றுக்குப் பக்கத்தில் சன்னிசைட், எற்றோபிக்கோ ஓடைக்குப் பக்கத்தில் மேரி கேர்ட்டிஸ், ரூஜ் ஆறு விழும் ரூஜ் பீச்.

நகரத்துக் கரைகள்

வூட்பைன் பீச் அகலமானது. மணலில் கணிசமாக நடந்தால்தான் தண்ணீர் வரும். முதியவர்களையும் கூலர் பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். நன்மை என்னவென்றால், வூட்பைன் நிலையத்திலிருந்து 92ஆம் இலக்க பஸ் நேரே இறக்கிவிடும். சுத்தமான, பாதுகாப்பான கரைகளுக்குக் கொடுக்கும் சர்வதேச நீலக்கொடித் தரம் உண்டு. ஜூன் முதல் லேபர் டே வரை பகலில் உயிர்காப்பாளர் இருப்பார். பக்கத்திலேயே நகராட்சியின் சம்மர்வில் வெளிநீச்சல் குளம் இருக்கிறது. ஏரி குளிராக இருந்தால் குளத்துக்கு மாறலாம். இந்த மாற்று வழிக்காகவே, காற்று எப்படி என்று நிச்சயமில்லாத நாளில் வூட்பைன்தான் முதல் தெரிவு.

ஸ்காபரோக்காரருக்கு வீட்டு வாசல் புளஃபர்ஸ் பார்க். ஒருகாலத்தில் தண்ணீர் கெட்டு அடிக்கடி மூடப்பட்ட இந்தக் கரை, வடிந்து வரும் நீரைத் திருப்பிச் சீர்செய்த பிறகு 2011இல் நீலக்கொடி பெற்றது. அழகில் நகரத்தில் இதற்கு நிகர் இல்லை. பின்னால் எழும் மண்பாறைகள் சில இடங்களில் 90 மீற்றர் உயரம். இடர் இரண்டு. ஒன்று, கீழே போவதற்கு பிரிம்லி வீதி ஒன்றே வழி. வெயில் அடிக்கும் சனி, ஞாயிறு காலை பத்து, பதினொரு மணிக்குள் தரிப்பிடம் நிரம்பிவிடும். பிறகு மேலே கிங்ஸ்ரன் வீதி வரை வாகனங்கள் நிற்கும். கோடை வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் ஓடும் ரிரிசியின் (நகரப் போக்குவரத்துச் சேவை) 201ஆம் இலக்க பஸ்ஸை எடுங்கள். அந்தச் செங்குத்துச் சாலையைப் பிள்ளைவண்டி தள்ளி ஏறுவது கடினம். மற்றது, பாறைகள். அவை பாறை போலத் தெரியும் களியும் மணலும். மழைக்குப் பிறகு துண்டு துண்டாக இடிந்து விழும். அடியில் பாய் விரிக்கக் கூடாது; மேலே விளிம்பில் நின்று படம் எடுக்கவும் கூடாது.

செரி பீச் பலருக்குத் தெரியாத நல்ல தெரிவு. லெஸ்லி ஸ்பிற் நிலநாக்கு முன்னால் மறைப்பதால் அலை குறைவு. அந்த வெளித் துறைமுகத்தின் தண்ணீரும் திறந்த ஏரியைவிடச் சூடாக இருப்பதுண்டு. வூட்பைனில் கால் வைக்க முடியாத நாளில் இங்கே நீந்தக்கூடியதாக இருக்கும். காற்றுப் பாய்ப் பலகைக்காரர் கூடும் இடம் என்பதால் நீச்சலுக்குக் குறித்த எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும்.

தீவுகள்: வாகனம் இல்லாதவர்களுக்கு

நகரத்து ஜாக் லேற்றன் துறையிலிருந்து ரொறன்ரோத் தீவுகளுக்கு மூன்று வழிகளில் ஃபெரி போகிறது: சென்ரர், வோர்ட்ஸ், ஹான்லன்ஸ். போகவர ஒரே சீட்டு. நகரத்துப் பக்கத்தில் மட்டும் காசு வாங்குவார்கள். சீட்டை முதலே இணையத்தில் எடுத்துவிட்டால் ஒரு வரிசை மிச்சம். படகுக்கான வரிசையைத் தவிர்க்க முடியாது. நீண்ட வார இறுதியில் அது ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். காலை பத்துக்கு முன் ஏறி, பின்னேரம் நாலரைக்கு முன் திரும்புங்கள். அல்லது எட்டு மணி வரை இருந்துவிடுங்கள். ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில்தான் எல்லோரும் திரும்புவார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு சென்ரர் ஐலண்ட்: விளையாட்டுப் பூங்கா, கழிவறை, புல்வெளி எல்லாம் பக்கத்தில். அமைதி வேண்டுமென்றால் வோர்ட்ஸ் ஐலண்ட். படகில் இறங்கிச் சில நிமிடத்தில் கரை. ஹான்லன்ஸ் பொயின்றில் உடையின்றி இருக்கச் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பகுதி உண்டு. அம்மம்மா, அப்பப்பாவுடன் போகும் குடும்பங்கள் இதை முதலே தெரிந்துவைத்திருந்தால் அங்கே போய்ச் சங்கடப்படத் தேவையில்லை.

சிம்கோ: நீந்தத் தெரியாத பிள்ளைகள் இருந்தால்

சிம்கோ ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ 15 மீற்றர்தான். அதனால் ஜூன் கடைசிக்குள் சூடாகிவிடும்; ஒரே இரவில் பத்துப் பாகை விழுவது போன்ற அதிர்ச்சி இங்கே அரிது. தென்கரையில் உள்ள சிபல்ட் பொயின்ற் மாகாணப் பூங்கா மார்க்கத்திலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்: 404 நெடுஞ்சாலை முடியும் வரை போய், பிறகு உள்வீதிகள். மர நிழலில் மேசைகள், மெதுவாக ஆழமாகும் மணல், கழிவறை, உடைமாற்றும் அறை. ஐந்தாறு குடும்பமாகப் போய் ஒரு நாள் முழுக்க இருக்க இதைவிட வசதியான இடம் அருகில் இல்லை.

நாள் அனுமதியை ஐந்து நாள் முன்னதாகக் காலை 7 மணியிலிருந்து இணையத்தில் எடுக்கலாம். சனிக்கிழமைக்கு வேண்டுமானால் திங்கள் காலை. அனுமதி ஆளுக்கு அல்ல, வாகனத்துக்கு. ஆகவே மூன்று வாகனத்தில் பிரிந்து போவதைவிட ஒரு வான் வண்டியில் போவது இலாபம். முன்பதிவில்லாமல் போய், வாசலில் இடம் நிரம்பிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டால், பக்கத்தில் உள்ள ஜோர்ஜினா நகராட்சிக் கரைகளில் வெளியூர்க்காரருக்குத் தரிப்பிடக் கட்டணம் அதிகம்.

இங்கே மிகவும் முக்கியமானது: ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் உயிர்காப்பாளர் கிடையாது. வூட்பைனில் இருக்கும் கண் இங்கே இல்லை. பார்த்துக்கொள்வது முழுக்க உங்கள் பொறுப்பு. பத்துப் பெரியவர்கள் கரையில் இருக்கும்போது ஒவ்வொருவரும் ‘மற்றவர் பார்க்கிறார்’ என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. முறை வைத்துக்கொள்ளுங்கள்: அரை மணித்தியாலத்துக்கு ஒருவர், கையில் ஃபோன் இல்லாமல், தண்ணீர் விளிம்பில் நிற்க வேண்டும். அடுத்தவர் வந்து பெயர் சொல்லிப் பொறுப்பெடுத்த பிறகே அவர் போகலாம். மூழ்கும் பிள்ளை கத்துவதில்லை, கையை ஆட்டுவதும் இல்லை. வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, சத்தமில்லாமல் நிற்கும்.

அடுத்தது காற்றடைத்த மிதவைகள். வெக்கையான நாட்களில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. சிபல்ட் பொயின்ற் தென்கரை என்பதால் அந்தக் காற்று கரையிலிருந்து ஏரிக்குள் அடிக்கும். கரையோர மரங்கள் மறைப்பதால் பக்கத்தில் தண்ணீர் கண்ணாடி போலத் தட்டையாகத் தெரியும். 50 மீற்றர் தாண்டியதும் காற்று பிடித்துக்கொள்ளும். மிதவை கையால் துடுப்புப் போடும் வேகத்தைவிட வேகமாக உள்ளே போகும். அதைப் பிடிக்க நீந்திப் போகிறவர்தான் பெரும்பாலும் மூழ்குகிறார். தென்காற்று நாளில் மிதவையைக் காற்று இறக்கி வாகனத்திலேயே வைத்துவிடுங்கள். பிள்ளைக்குப் போட வேண்டியது கையில் மாட்டும் பலூன் அல்ல. எடைக்குப் பொருத்தமான, கனடா அங்கீகார முத்திரை உள்ள உயிர்காப்பு அங்கி. தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்: நாடியைத் தாண்டி மேலேறினால் அது பெரிது.

சூடான ஆழமற்ற தண்ணீருக்கு இன்னொரு தொல்லை, நீந்துவோர் சொறி. நத்தைக்கும் நீர்ப்பறவைக்கும் இடையில் வாழும் ஓர் ஒட்டுண்ணியின் குஞ்சு தவறுதலாக மனிதத் தோலுக்குள் புகுந்து செத்துவிடும். அந்த இடம் சிவந்து சில நாள் அரிக்கும். ஆளுக்கு ஆள் தொற்றாது. தண்ணீரை விட்டு வெளியே வந்த உடனே, காய விடாமல், துவாயால் அழுத்தித் துடைத்தால் பெரும்பகுதி தவிர்க்கலாம். வாத்துகளுக்குப் பாண் போடுவது இதைக் கூட்டும்.

வசாகா: மணலுக்காக மட்டும்

14 கி.மீ. நீளம், உலகின் மிக நீளமான நன்னீர்க் கரை என்ற பெயர். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் என்று கணக்கிடுங்கள்; சனி காலை ஒன்பதுக்குப் பிறகு 400 நெடுஞ்சாலையில் ஏறினால் மூன்று. முதல் இரண்டு பகுதிகள் சத்தமும் கூட்டமும். ஐந்தாம், ஆறாம் பகுதிகள் குடும்பங்களுக்கு உகந்தவை. ஜோர்ஜியன் வளைகுடாவின் இந்த ஓரம் மிக ஆழமற்றது, நீண்ட தூரம் நடக்கலாம். ஆனால் அடி சீரானதல்ல. முழங்கால், பிறகு நெஞ்சு, பிறகு மணல்திட்டில் மீண்டும் முழங்கால். திட்டில் ஏறி நிற்கும் பிள்ளை திரும்பி வரும்போது நடுவில் உள்ள பள்ளத்தில் இறங்க வேண்டும். மேற்கு, வடமேற்குக் காற்றில் அலை எழும்பினால், கரைக்கு வந்த தண்ணீர் இந்தத் திட்டுகளின் இடைவெளி வழியே இழுத்துக்கொண்டு திரும்பும். இழுபட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். நொட்டவசாகா ஆற்று வாய்ப் பக்கம் எந்த நாளிலும் வேண்டாம். ஒரே நாளில் போய்த் திரும்புவதற்கு வசாகா தகாது. இரவு தங்கினால்தான் அந்த ஓட்டத்துக்குப் பெறுமதி.

பிரம்டன்காரர்களுக்கு அருகில் உள்ளது புரொஃபசர்ஸ் லேக். சரளைக்கல் தோண்டிய குழியில் நிரம்பிய ஏரி அது. இப்படிப்பட்ட குழிகளில் கரை சட்டென்று ஆழமாகும். மேலே சூடு, காலடியில் குளிர். நீச்சலுக்குக் கட்டிய எல்லைக் கயிற்றை மதித்தால் நல்ல இடம். மார்க்கத்தின் மில்ன் அணைப் பூங்கா, ஹை பார்க்கின் கிரெனடியர் குளம் இரண்டிலும் நீந்தத் தடை. அவை நடக்கவும் சாப்பிடவும் மட்டும். கோபர்க் வரை 100 கி.மீ. கிழக்கே ஓடுகிறவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: அதுவும் அதே ஒன்ராறியோ ஏரி, அதே வடகரை. இங்கே குளிர் எழும்பியிருந்தால் அங்கேயும் எழும்பியிருக்கும்.

சாப்பாடும் உடையும்

பூங்காவில் 25 பேருக்கு மேல் கூடினால் ரொறன்ரோவில் அனுமதி எடுக்க வேண்டும். அடுப்பு விதி இடத்துக்கு இடம் வேறு. கரியடுப்பு கொண்டுபோக முன் அந்தப் பூங்காவின் விதியைப் பாருங்கள். எரிந்த கரியை ஒருபோதும் மணலில் புதைக்கக் கூடாது. மேலே ஆறியது போல் இருக்கும், உள்ளே மணித்தியாலக் கணக்கில் கனலும். அதை மிதிப்பது வெறுங்காலோடு ஓடும் பிள்ளை.

தேங்காய்ச் சம்பல், பால்கறி, கட்டுச்சோறு வெயிலில் விரைவில் கெடும். வெளியே இரண்டு மணித்தியாலம். 32 பாகைக்கு மேலான நாளில் ஒரு மணித்தியாலம். அதற்கு மேல் கூலரில் 4 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். குடிக்கும் பானத்துக்கும் சாப்பாட்டுக்கும் வெவ்வேறு கூலர் வையுங்கள். பானப் பெட்டியைப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். ரோல்ஸ், சுண்டல், எலுமிச்சைச் சோற்றுக்கும் இதே கணக்குத்தான்.

ஜீன்ஸ், பருத்திச் சுடிதார், சேலை நனைந்தால் கனத்துக் காலைக் கட்டும். உடல் மூடி இறங்க விரும்புகிறவர்களுக்கு நைலோன் லெகிங்ஸும் கைநீண்ட நீச்சல் சட்டையும் போதும்.

எப்போது எது

நீந்தத் தெரியாத சின்னப் பிள்ளைகள், பெரிய கூட்டம், வாகனம் உண்டு: சிபல்ட் பொயின்ற், முடிந்தால் வார நாளில். வாகனம் இல்லை, மழையும் இல்லை: வோர்ட்ஸ் ஐலண்ட் அல்லது வூட்பைன். இரண்டு நாளாக மேற்குக் காற்று: செரி பீச்சைப் பார்க்கலாம், அதுவும் குளிரென்றால் ஒன்ராறியோ ஏரியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். தண்ணீரில் இறங்கும் எண்ணமே இல்லை, காட்சியும் காற்றும் போதும்: புளஃபர்ஸ், காலை ஒன்பதுக்கு முன்.

நேற்று பெருமழை பெய்திருந்தால் நகராட்சியின் வெளிநீச்சல் குளங்கள்தான். ஏறத்தாழ 60 குளங்கள், எல்லாம் இலவசம், உயிர்காப்பாளர் உண்டு. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெரியவரின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள்தான். மூன்று குட்டிகளோடு தனியாகப் போகும் தாயை வாசலில் நிறுத்திவிடுவார்கள், ஆகவே துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள். இடி கேட்டால் ஏரியானாலும் குளமானாலும் உடனே வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்கலாம். இடிமழை பெய்யும் பின்னேரங்களில் அந்த அரை மணித்தியாலம் இரண்டு மூன்று தடவை புதிதாகத் தொடங்கும். அப்படியான முன்னறிவிப்பு இருந்தால் நீச்சலைக் காலையிலேயே முடித்துவிட்டுச் சாப்பாட்டைப் பின்னேரத்துக்கு வையுங்கள்.